ஒலிநாடாவில் கரைந்த நம் குரல்கள்

(பூச்சோங்கில் ஒளிப்பதிவான தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'வானொலி: பாட்டுப் பெட்டியா, படைப்புக் களமா?' என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசிய நண்பர்கள் இருவரும் இன்றைய நிகழ்ச்சிகளை வைத்து வாதாடினார்கள். நான் கொஞ்சம் பின்னோக்கிப் போகலாம் என்று நினைக்கிறேன். தொலைக்காட்சியில் வேலை செய்கிறவள் வானொலிக்காக ஏன் பரிந்து பேசுகிறாள் என்று சிலர் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. அதற்கும் ஒரு காரணம் உண்டு. பிறகு சொல்கிறேன்.

நாம் கூடியிருக்கும் இந்தப் பூச்சோங், ஒரு காலத்தில் ஈய லம்பங்களும் ரப்பர் தோட்டங்களுமாக இருந்த ஊர். கின்ராரா, காசல்பீல்டு என்ற தோட்டப் பெயர்களை இன்று தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் படிக்கிறோம். டாமன்சாரா - பூச்சோங் நெடுஞ்சாலை நெரிசலில் காருக்குள் தனியாக உட்கார்ந்து வானொலி கேட்கும் நமக்கு, ஒரு லயத்து வரிசைக்கே ஒரு பெட்டி இருந்த காலத்தை நினைத்துப் பார்ப்பது சிரமம். என் பாட்டி அப்படிக் கேட்டவர்தான். வானொலி நாடகத்தில் மழை பெய்தால் வெளியே காயப்போட்ட துணியை எடுக்க ஓடியதாகச் சொல்வார். அந்த மழை எப்படிப் பெய்தது என்பதுதான் என் பேச்சு.

கடலோரத்தில் தொடங்கிய குரல்

மலாயாவுக்கு வானொலிப் பெட்டி வந்தது 1921இல். ஜொகூர் அரசாங்கத்தில் மின்பொறியாளராக இருந்த பர்ச் என்பவர் கொண்டு வந்தார். அதன்பின் பொழுதுபோக்காளர் சங்கங்கள் சில முயன்றன. 1937 மார்ச் முதல் தேதி சிங்கப்பூரின் கால்டிகாட் குன்றில் நிலையம் திறக்கப்பட்ட பிறகுதான் ஒலிபரப்பு ஒரு நிலையான தொழிலாக ஆயிற்று. 1942இல் ஜப்பானியர் வந்தபோது ஒலிபரப்பும் அவர்கள் கைக்குப் போனது. நேதாஜியின் சுதந்திர இந்திய வானொலி சிங்கப்பூரிலிருந்து தமிழிலும் பேசியது. நம் மக்களில் பலர் தங்கள் மொழியில் ஓர் அரசியல் அழைப்பைக் காற்றில் கேட்டது அப்போதுதான்.

போர் முடிந்து, 1946 ஏப்ரல் முதல் தேதி ஒலிபரப்பு இலாகா அமைந்தது. ரேடியோ மலாயா மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் என்று நான்கு மொழிகளிலும் பேசியது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பலர் கூடிக் கேட்கும்படி அரசாங்கமே பெட்டிகளை வைத்தது. கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான பிரசாரம்தான் அதன் நோக்கம். ஆனால் பெட்டி வந்த இடத்துக்குப் பாட்டும் நாடகமும் சேர்ந்தே வந்தன. அரசாங்கம் எதற்காகவோ வைத்த பெட்டியை, பால்மரம் வெட்டிவிட்டு வந்த மக்கள் தங்கள் சொந்தப் பெட்டியாக ஆக்கிக்கொண்டார்கள்.

1959 ஜனவரியில் கோலாலம்பூர் நிலையம் சிங்கப்பூரிலிருந்து தனியாகப் பிரிந்தது. 1963இல் ரேடியோ மலேசியா என்று பெயர் மாறியது. அதே ஆண்டு டிசம்பர் 28ஆம் தேதி தொலைக்காட்சியும் பிறந்தது. பின்னர் இரண்டும் அங்காசாபுரியில் ஒரே கூரையின் கீழ் வந்தன. 'ரேடியோ 6' என்று நாம் அழைத்த தமிழ் அலைவரிசை 2005இல் மின்னல் எப்.எம். ஆனது. வரலாறு இத்தனை ஆண்டுகளையும் இலாகா பெயர்களையும் குறித்து வைத்திருக்கிறது. ஆனால் அந்தக் கட்டடங்களுக்குள் ஒலியைச் செய்தவர்களைப் பற்றி எங்கே குறித்திருக்கிறது?

அரிசியில் பெய்த மழை

வானொலிக்கென்றே எழுதப்பட்ட முதல் நாடகங்களில் ஒன்றை பிபிசி 1924 ஜனவரி 15இல் ஒலிபரப்பியது. ரிச்சர்டு ஹியூஸ் எழுதியது. நிலக்கரிச் சுரங்கத்துக்குள் விளக்கு அணைந்துவிடுகிறது, உள்ளே சிக்கியவர்கள் இருட்டில் பேசுகிறார்கள். பார்க்க முடியாத கேட்பவருக்கு, பார்க்க முடியாத மனிதர்களின் கதை! வானொலிக் கலையின் முதல் பாடத்தை அவர் அன்றே கண்டுபிடித்துவிட்டார். கண் இல்லாததைக் குறையாக நினைத்து மறைக்கக் கூடாது, அதையே கதையாக்க வேண்டும்.

இந்தப் பாடம் தமிழுக்கும் வந்தது. பெரிய தட்டில் அரிசியைச் சாய்த்தால் மழை. இரண்டு கொட்டாங்கச்சிகளைத் தட்டினால் குதிரை. கண்ணாடிக் காகிதத்தை ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் கசக்கினால் தீ. மெல்லிய தகரத்தை உலுக்கினால் இடி. உண்மையான தீயின் சத்தத்தைப் பதிவு செய்து போட்டுப் பாருங்கள், கேட்பவர் யாரோ கடுகு தாளிக்கிறார்கள் என்று நினைப்பார். காதுக்கு நிஜத்தைவிட நிஜம்போல இருப்பதுதான் முக்கியம்.

நடிகர்களுக்கும் தனிப் பயிற்சி வேண்டும். மேடையில் அழுகிறவர் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி அழ வேண்டும். ஒலிவாங்கிக்கு முன் அப்படி அழுதால் காது கிழியும். ரகசியம் பேச ஓரடி முன்னால் வரவேண்டும். வாசலிலிருந்து கூப்பிடுவது போலிருக்க நாலடி பின்னால் போய் முகத்தைத் திருப்ப வேண்டும். வசனத் தாள்களைத் தைக்காமல் தனித்தனியாக வைத்துக்கொண்டு, படித்த பக்கத்தைச் சத்தமில்லாமல் ஒதுக்க வேண்டும். ஒரு தாள் சலசலத்தால் காடு மறைந்து கலையகம் தெரிந்துவிடும்.

எழுதுகிறவரின் பாடு இன்னும் கடினம். 'அதோ பார், இந்தக் கத்தி!' என்று எழுதினால் நேயருக்கு எதுவும் தெரியாது. எல்லாவற்றையும் வசனத்தில் சொன்னால் செயற்கையாக இருக்கும். தோட்டத்துக் கதையா? பெரட்டு மணி, காண்டாக் கம்பில் ஆடும் வாளிகளின் உரசல், மங்கைத் துடைத்து வைக்கும் ஓசை, தூரத்தில் ஒரு சைக்கிள். இந்த நான்கும் போதும், வசனம் தொடங்குமுன்பே கேட்பவர் விடியற்காலை இருட்டில் நிற்பார்.

வெட்டி ஒட்டிய காலம்

தொடக்கத்தில் நாடகங்கள் நேரடியாகவே ஒலிபரப்பாயின. தவறு நடந்தால் நடந்ததுதான். அந்த நிலையை மாற்றியது காந்த ஒலிநாடா. 1935இல் பெர்லின் கண்காட்சியில் ஜெர்மானியர் அதைக் காட்டினார்கள். போருக்குப் பிறகு அது அமெரிக்காவுக்குப் போனது. ஒரே நிகழ்ச்சியை இரண்டு கடற்கரைகளுக்காக இரண்டு முறை பாடுவதில் சலித்திருந்த பாடகர் பிங் கிராஸ்பி 1947இல் அதைப் பிடித்துக்கொண்டார். விரைவில் உலக வானொலிகள் எல்லாம் நாடாவுக்கு மாறின.

நான் பொதுத்தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்த காலத்தில் எல்லாம் கணினிக்கு வந்துவிட்டது. ஆனாலும் ஓய்வுபெற்ற ஒலிப்பதிவாளர் ஒருவர் எங்களுக்குப் பழைய முறையைக் காட்டினார். கால் அங்குல அகல நாடா, வினாடிக்கு ஏழரை அங்குல வேகம். தட்டைக் கையால் முன்னும் பின்னும் சுழற்றி, சொல் தொடங்கும் இடத்தைக் காதால் பிடித்து, மெழுகுப் பென்சிலால் கோடு போட்டு, சவர அலகால் சாய்வாக வெட்டி, ஒட்டுநாடாவால் இணைப்பார். வெட்டிய துண்டு ஒன்றை என் கையில் கொடுத்து, "இந்தாம்மா, ஏழரை அங்குலம். இதுதான் ஒரு வினாடி. அழுகைக்கு முன்னால இந்த ஒரு வினாடிய வெட்டிட்டா, அழுகை பொய்யாயிடும்" என்றார். நேரத்தைக் கையில் பிடித்துப் பார்த்தது அன்றுதான். இன்றுவரை படத்தொகுப்பில் உட்காரும்போது அந்தத் துண்டு என் நினைவுக்கு வரும். தொலைக்காட்சிக்காரி வானொலிக்காகப் பேச வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

காதுக்கு எழுதிய தமிழ்

இது ஏதோ கைவேலை என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். தமிழில் இதற்கு இலக்கணம் எழுதியவர் உண்டு. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சோ. சிவபாதசுந்தரம் இலங்கை வானொலியிலும் லண்டன் பிபிசியிலும் பணியாற்றியவர். பிபிசியின் தமிழ் ஒலிபரப்புக்குத் 'தமிழோசை' என்று பெயர் சூட்டியவர் அவர்தான். 1954இல் அவர் வெளியிட்ட 'ஒலிபரப்புக் கலை' என்ற நூல், இத்துறைக்குத் தமிழில் வந்த முன்னோடி. அவர் பெயர் வைத்த தமிழோசை வானொலி 2017 ஏப்ரலோடு நின்றுவிட்டது.

இலங்கையில் எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்களைத் தமிழ்நாட்டிலும் மக்கள் காத்திருந்து கேட்டார்கள். சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' தொடர் நாடகத்துக்கு வீடுகள் அமைதியாயின. 'கோமாளிகள் கும்மாளம்' என்ற வானொலி நகைச்சுவைத் தொடர் 1976இல் 'கோமாளிகள்' என்ற திரைப்படமாகவே வந்தது. இன்று சினிமாவிலிருந்து வானொலி கடன் வாங்குகிறது. அன்று சினிமா வானொலியிடம் வாங்கியது!

நமக்கு இன்னும் அருகில், ஜொகூர் பாருவில் பிறந்த பி. கிருஷ்ணன் இருக்கிறார். புதுமைதாசன் என்ற பெயரில் எழுதியவர். சிங்கப்பூர் வானொலிக்கு நூற்றுக்கணக்கில் நாடகம் எழுதினார். ஷேக்ஸ்பியரின் மெக்பெத்தை 'மகபதி' ஆக்கினார். கம்பத்து வீடுகளை விட்டு அடுக்குமாடிக்கு மக்கள் குடியேறிய காலத்தில் 'அடுக்கு வீட்டு அண்ணாசாமி' என்ற தொடரை எழுதினார். கண்ணெதிரே மாறிக்கொண்டிருந்த வாழ்க்கையை அந்த வாரமே காதுக்குக் கொண்டு வந்தார். 2008இல் சிங்கப்பூர் அவருக்குக் கலாசாரப் பதக்கம் வழங்கியது.

நம் நாட்டிலும் வானொலியின் தமிழ்ப் பகுதி, உள்ளூர் எழுத்தாளர்களின் நாடகங்களுக்கும் சிறுகதைகளுக்கும் மெல்லிசைப் பாடல்களுக்கும் இடம் தந்தது. ரெ. சண்முகம் போன்றவர்கள் பாடகராகவும் பாடலாசிரியராகவும் வளர்ந்தது வானொலியை ஒட்டித்தான். ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும் தோட்டத்துப் பிள்ளைகளும் ஒலிவாங்கி முன் நின்று நடிகர்களானார்கள்.

அழித்து எழுதிய நாடா

அப்படியானால் அந்த நாடகங்கள் எங்கே? இங்கேதான் என் மனம் கனக்கிறது.

நாடாவில் ஒரு வசதி, அழித்துவிட்டு மறுபடி பதியலாம். அதுவே அதன் சாபமும் ஆயிற்று. புது நாடா விலை அதிகம், அலமாரியில் இடம் குறைவு. ஒலிபரப்பான நாடகம் முடிந்த வேலை என்று கருதி, அதன்மேல் அடுத்ததைப் பதிவு செய்வது உலக வழக்கமாகவே இருந்தது. பிபிசியே தன் பழைய நிகழ்ச்சிகள் ஏராளமானவற்றை அழித்திருக்கிறது. அவ்வளவு ஏன், 1969இல் மனிதன் சந்திரனில் இறங்கிய காட்சியின் மூல நாடாக்களை அழித்து வேறு பதிவுக்குப் பயன்படுத்திவிட்டிருக்கலாம் என்று நாசா 2009இல் ஒப்புக்கொண்டது. அவர்களே அப்படி என்றால், ஒரு தோட்டத்து நாடகத்துக்கு யார் காவல் நிற்பார்?

நான் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பயிற்சிக்குப் போன ஓரிடத்தில், பெயர் வேண்டாம், அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். பென்சிலில் தமிழ்த் தலைப்பு எழுதிய நாடாப் பெட்டிகள் அலமாரி நிறைய இருந்தன. எல்லாவற்றையும் குப்பை லோரியில் ஏற்றினோம். நானும் சேர்ந்துதான் தூக்கிப் போட்டேன். இது என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரே ஒரு பெட்டியை மட்டும், அட்டையின் கையெழுத்து அழகாக இருந்தது என்பதற்காக, பையில் வைத்துக்கொண்டேன்.

பல ஆண்டுகள் கழித்து அதை ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டு அந்த ஒலிப்பதிவாளரிடமே கொண்டு போனேன். நம் ஊர் ஈரப்பதத்தில் நாடாவின் பசை கரைந்து பிசுபிசுப்பாகும், ஓட்டினால் பூச்சு உரிந்து வரும். அதைக் குறைந்த சூட்டில் பல மணி நேரம் உலர்த்தி, ஒரே ஒரு முறை ஓட்டினார். பதினான்கு நிமிடம் ஒரு குடும்ப நாடகம். ஒரு தாய் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குப் போகும் மகனிடம், சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டே பேசுகிறாள். வாழையிலை கிழியும் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. மகன் பதில் சொல்ல வாய் திறக்கிறான். அந்த இடத்தில் வேறொரு நிகழ்ச்சியின் பாட்டு வந்துவிட்டது. மேலே பதிவு செய்திருக்கிறார்கள். மகன் என்ன சொன்னான் என்று இனி எவருக்கும் தெரியாது. லோரியில் போனவற்றில் என்னென்ன இருந்தன என்பதும் தெரியாது.

நம் கையில் இருப்பது

நேயர்களே, தோட்டங்கள் தாமான்களாகிவிட்டன. அந்த மக்கள் பேசிய தமிழ், அதன் ஏற்ற இறக்கம், கிண்டல், கோபம் எல்லாம் புத்தகத்தில் முழுதாக ஏறவில்லை. ஒலியில்தான் இருந்தது. வானொலி வெறும் பாட்டுப் பெட்டி என்று நாம் நினைத்துவிட்டால், அந்த ஒலியைத் தேடவும் மாட்டோம். ஆகவே படைப்புக் களம் என்பதே என் கட்சி.

புலம்பிவிட்டுப் போக நான் வரவில்லை. அந்நாளில் வானொலி நாடகங்களை வீட்டிலேயே கேசட்டில் பதிவு செய்தவர்கள் நம்மிடையே பலர். அலமாரியில், கட்டிலுக்கு அடியில் அவை இருக்கும். தயவுசெய்து அவற்றை உடனே ஓட்டிப் பார்க்காதீர்கள். பூஞ்சணம் பிடித்திருந்தால் அந்த ஓட்டமே கடைசி ஓட்டமாகிவிடும். தேதியும் பெயரும் எழுதி, வெயில் படாத உலர்ந்த இடத்தில் வையுங்கள். ஒலிப்பதிவு தெரிந்த ஒருவரிடம் கொடுத்துக் கணினிக்கு மாற்றுங்கள். அந்நாளில் வானொலியில் நடித்த பெரியவர் உங்கள் தாமானில் இருந்தால், போய் உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள். கைப்பேசியிலேயே பதியலாம், அழிக்காமல் வைத்திருங்கள்.

இளம் தயாரிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். சவர அலகும் மெழுகுப் பென்சிலும் இல்லாமல், ஒரு மடிக்கணினியில் எல்லாம் செய்யும் காலம் இது. நம் தமிழ் வானொலிகளில் வேலை செய்பவர்களின் திறமைக்குக் குறைவில்லை. வாரத்துக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கி, ஒரே ஒரு நாடகம் போடுங்கள். செய்ததைச் சேமித்தும் வையுங்கள்.

என்னிடம் இருக்கும் அந்தப் பதினான்கு நிமிடத்தை இப்போது ஒலிக்கச் சொல்கிறேன். நடித்தவர்களின் பெயர் பெட்டியில் இல்லை. அந்தத் தாயின் குரலை யாராவது அடையாளம் கண்டால், இந்த நிகழ்ச்சிக்கு எழுதித் தெரிவியுங்கள்.