ஆடுகளம் என்னும் கல்விக்கூடம்

"பந்து விளையாடினால் பசி தீருமா?" என்பது நம் பெற்றோர் பலரும் கேட்கும் கேள்வி. நாளெல்லாம் உழைத்து மாலையில் வீடு திரும்பும் ஒருவர், தம் மகன் திடலில் பந்தைத் துரத்திக்கொண்டிருப்பதைக் கண்டு இவ்வாறு கேட்பதில் தவறு காண இயலாது. அக்கேள்விக்கு வரலாறு தரும் விடையை நம் இளைஞர் அறிந்துகொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் நம் நாட்டு வரலாற்றைக் காண்போம். சமார் குலத்திற் பிறந்த பல்வங்கர் பாலூ, பூனா நகரில் ஆங்கிலேயரின் கிரிக்கெட் சங்கத் திடலைப் பராமரிக்கும் பணியாளராக இருந்தவர். ஆங்கிலேயரின் பயிற்சிக்குப் பந்து வீசி வீசியே தேர்ந்த பந்துவீச்சாளரானார். 1911ஆம் ஆண்டில் இந்திய அணியுடன் இங்கிலாந்து சென்று 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆயினும் அதற்கு முன்பு, பூனாவில் இந்துக்கள் அணிக்காக அவர் ஆடிய காலத்தில், உடன் ஆடியோர் உள்ளே பீங்கான் கோப்பையில் தேநீர் அருந்த, அவருக்கு மட்டும் வெளியே மண் குவளையில் தேநீர் தரப்பட்டது. அவர் வீசிய பந்தைத் தொட்டவர்கள், அவர் தொட்ட கோப்பையைத் தொட மறுத்தனர். அணித்தலைவர் பதவி அவருக்குக் கிடைக்கவே இல்லை. 1923ஆம் ஆண்டில் அவருடைய தம்பி விட்டல்தான் இந்துக்கள் அணியின் தலைவரானார்.

இதனால் அறியத்தக்க உண்மை ஒன்றுண்டு. திறமை பாலூவிடம் இருந்தது. ஆனால் அணியில் யாரைச் சேர்ப்பது, யாரைத் தலைவராக்குவது, திடலுக்குள் யாரை விடுவது என்னும் முடிவுகள் பிறர் கையில் இருந்தன. ஆடுபவன் புகழ் பெறலாம். ஆட்டத்தைக் கற்பித்து அமைத்து நடத்துபவனிடமே அதிகாரம் தங்குகிறது. இவ்வுண்மையை அமெரிக்கக் கறுப்பின மக்கள் காலத்தே உணர்ந்தனர்.

வாஷிங்டன் ஆசிரியர்

கூடைப்பந்து ஆட்டம் 1891ஆம் ஆண்டின் இறுதியில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவரால் உருவாக்கப்பட்டது. பழக் கூடைகள் இரண்டும் பந்து ஒன்றும் அதற்குப் போதுமானவையாக இருந்தன. ஆயினும் எளிய அந்த ஆட்டமும் கறுப்பினப் பிள்ளைகளுக்கு எட்டாமலே இருந்தது.

எட்டச் செய்தவர் எட்வின் ஹெண்டர்சன். 1883ஆம் ஆண்டில் வாஷிங்டனில் பிறந்த இவர், ஆசிரியப் பயிற்சியை முடித்தபின் 1904ஆம் ஆண்டுக் கோடையில் ஹார்வர்டு சென்று உடற்பயிற்சிக் கல்வி பயின்றார். அங்கே கற்ற கூடைப்பந்தைத் தம் ஊர்க் கறுப்பினப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தார். அப்பள்ளிகளில் உடற்பயிற்சிக் கூடமோ நல்ல திடலோ இல்லை. அவை வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. 1906ஆம் ஆண்டில் பள்ளிகளுக்கிடையே போட்டி நடத்தும் கழகம் ஒன்றைத் தோழர்களுடன் நிறுவினார். மறு ஆண்டில் வெள்ளையர் ஒய்.எம்.சி.ஏ. ஒன்றிற்கு ஆட்டம் காணச் சென்றபோது, நிறம் காரணமாக வெளியேற்றப்பட்டார். அதன்பின் பன்னிரண்டாம் தெரு ஒய்.எம்.சி.ஏ.வைத் தளமாகக் கொண்டு அணி திரட்டினார். முன்னாள் அடிமையான அந்தோனி போவன் 1853ஆம் ஆண்டில் தொடங்கிய கறுப்பினச் சங்கமே அது. அவ்வணி 1909-10ஆம் ஆண்டுப் பருவத்தில் ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை.

ஹெண்டர்சன் விரைவில் ஆடுவதை நிறுத்தினார், கற்பிப்பதை நிறுத்தவில்லை. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் வாஷிங்டன் பள்ளிகளில் பணியாற்றினார். விதிநூல்களும் ஆட்டக் குறிப்புகளும் தொகுத்து வெளியிட்டார். 1939ஆம் ஆண்டில் கறுப்பின விளையாட்டு வீரர்களின் வரலாற்றை நூலாக எழுதினார். விளையாட்டரங்குகளில் நிறவேற்றுமை ஒழியவும் போராடினார். திடலும் பேனாவும் போராட்டமும் அவருக்கு ஒரே பணியின் மூன்று கைகளாயின.

மாணவராகச் சென்று ஆசானாக மீண்டவர்

ஜான் மெக்லெண்டன் 1933ஆம் ஆண்டில் கான்சஸ் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி பயிலச் சேர்ந்தார். கூடைப்பந்தைக் கண்டுபிடித்த நெய்ஸ்மித்தே அங்கு அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். ஆயினும் பல்கலைக்கழக அணியில் ஆட நிறம் தடையாயிற்று. நீச்சல் குளத்தில் அவர் இறங்கியபோது குளத்து நீரையே வடித்துவிட்டனர். 1927ஆம் ஆண்டில் மகாடு குளத்தில் அண்ணல் அம்பேத்கரும் தோழர்களும் நீர் அருந்தியபின், அக்குளத்திற்குத் தீட்டுக் கழித்த செய்தியை அறிந்த நமக்கு இது வியப்பூட்டாது.

ஆடும் வாய்ப்பு மறுக்கப்பட்ட மெக்லெண்டன், ஆட்டத்தின் நுட்பத்தை ஆசானிடம் முழுமையாகக் கற்றார். பின்னர் வட கரோலினாவின் டர்ஹாம் நகரில் கறுப்பினக் கல்லூரியில் பயிற்சியாளரானார். 1944 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை காலை. ஊரார் தேவாலயத்தில் இருந்த வேளையில், டியூக் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியின் வெள்ளையர் அணி அக்கல்லூரிக்கு மறைவாக வந்தது. கதவுகளைப் பூட்டிக்கொண்டு ஆடினர். வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து ஆடுவது அங்குச் சட்டத்திற்கும் வழக்கத்திற்கும் மாறானது. மெக்லெண்டன் அணி 88-44 என்று வென்றது. அதன்பின் இரு நிறத்தவரும் கலந்து அணி பிரித்து மீண்டும் ஆடினர். பூட்டிய கதவுக்குள் நிறச்சுவர் சிறிது நேரம் இல்லாமற் போயிற்று.

அவர் பயிற்றுவித்த டென்னசி மாநிலக் கல்லூரி அணி 1957, 1958, 1959 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து, வெள்ளையர் கல்லூரிகளும் பங்கேற்ற தேசியப் போட்டியில் முதலிடம் பெற்றது.

பயிற்சிப் பணி பிற கல்விக்கும் படியாகும். குருதி வங்கி அமைப்பில் முன்னோடியான மருத்துவர் சார்லஸ் ட்ரூ, மருத்துவம் பயிலப் பணமின்றி, 1926 முதல் 1928 வரை பால்டிமோரின் மார்கன் கல்லூரியில் விளையாட்டுப் பயிற்சி அளித்தே பொருள் சேர்த்தார்.

நமக்கு உள்ள வழி

நம் நாட்டில் இத்துறைக் கல்விக்கு நீண்ட மரபு உண்டு. சென்னையில் 1920ஆம் ஆண்டில் ஹாரி பக் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி நாட்டிற்கே முன்னோடியாயிற்று. பயிற்சியாளர்களை உருவாக்கும் தேசிய நிறுவனம் 1961ஆம் ஆண்டில் பாட்டியாலாவில் தொடங்கப்பட்டது. உடற்கல்விக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் ஒன்றையும் தமிழ்நாடு 2004ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைத்தது.

ஆகவே இளைஞர்களே, கபடியிலும் கால்பந்திலும் நம் தெருக்கள் ஆற்றலுக்குக் குறைந்தவை அல்ல. அவ்வாற்றலோடு பட்டமும் பட்டயமும் சேரவேண்டும். பள்ளி இறுதியோடு நின்றுவிடாமல் உடற்கல்வி பயிலுங்கள். விதிகளைக் கற்று நடுவராகுங்கள். வாரத்தில் இரு மாலைகள் நம் பகுதிச் சிறுவரையும், குறிப்பாகச் சிறுமியரையும் கூட்டிப் பயிற்சி அளியுங்கள். வருகைப் பதிவேடு வைத்து, பள்ளிக்கு வராத பிள்ளையைத் தேடி அவர் வீட்டுக்குச் செல்லுங்கள். ஊதியம் பெறும் ஆசிரியப் பணிக்கு இதுவே முதற்பயிற்சி. சமுதாயப் பணிக்கும் இதுவே தொடக்கம்.

பந்து விளையாடினால் பசி தீருமா என்று கேட்கும் பெற்றோருக்கு, கற்பிக்கக் கற்றவனின் பசி தீரும் என்று துணிந்து கூறலாம். பாலூவுக்குக் கிடைக்காத இடம், நாம் பயிற்றுவிக்கும் பிள்ளைக்குக் கிடைத்தே தீரவேண்டும்.