லேசான மரத்தின் கணக்கு

வீராம்பட்டினத்துச் செங்கழுநீரம்மன் கோயிலுக்கு ஒரு மரக்கதை உண்டு. வீரராகவர் என்ற மீனவரின் வலையில் மீனுக்குப் பதிலாக ஒரு கட்டை சிக்கியதாம். அடுப்பெரிக்க அதைக் கோடாலியால் வெட்டினால் ரத்தம் வந்ததாம். அந்தக் கட்டையே அம்மனாச்சு.

சரி, கடல் கொடுத்த கட்டை சாமி. கடலுக்குப் போன கட்டை எங்கிருந்து வந்தது? பிரெஞ்சுக்காரர் ஆண்ட பாண்டிச்சேரியில் காடு என்று சொல்ல எதுவும் இல்லை. கட்டுமரத்துக்கான மரம் வெளியிலிருந்துதான் வர வேண்டும். சோழமண்டலக் கரையின் தாவரங்களைப் பற்றி 1795 முதல் புத்தகம் வெளியிட்ட வில்லியம் ராக்ஸ்பர்க், கட்டுமரத்துக்கு எல்லாவற்றையும்விட விரும்பப்படுவது தணக்கு மரம் என்று எழுதினார். பிற்காலத்தில் மலைவேம்பும் அல்பீசியாவும் அந்த இடத்துக்கு வந்தன. எல்லாமே மென்மரங்கள்.

காட்டை அளந்தவர்கள் தேடியது வேறு. வெட்டுவதற்கு முன்பே காட்டுக்குள் நடந்து, நிற்கிற மரங்களை எண்ணி, எவ்வளவு தேறும் என்று சொல்வது ஒரு தனி வேலை. அமெரிக்காவில் அந்த ஆளை டிம்பர் குரூசர் என்பார்கள். நம் பக்கத்தில் இதை முறைப்படுத்தியவர் டீட்ரிஷ் பிராண்டிஸ். 1856இல் பர்மாவின் பெகு காடுகளுக்கு வந்தவர், யானைமேல் உட்கார்ந்து போனபடியே எண்ணினார். இடது கையில் நான்கு மூங்கில் துண்டுகள், பருமனுக்கு ஒன்று. கண்ணில் படும் ஒவ்வொரு மரத்துக்கும் அதற்குரிய மூங்கிலில் பேனாக்கத்தியால் ஒரு வெட்டு. சாயங்காலம் வெட்டுகளைக் கூட்டினால் அன்றைய கணக்கு. அந்தக் கணக்கை வைத்துத்தான் வருஷத்துக்கு எத்தனை மரம் வெட்டலாம் என்று முடிவானது. ஆனால் அவர் எண்ணியது தேக்கை மட்டும். மற்ற மரங்கள் மூங்கிலில் ஏறவே இல்லை.

இப்போது கடற்கரையில் நின்று அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். உலர்ந்த தேக்கு ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 650 கிலோ. நன்னீரில் அது மேற்கொண்டு 350 கிலோவைத் தாங்கும். 300 கிலோ எடையுள்ள மென்மரமோ 700 கிலோவைத் தாங்கும். கப்பல் கட்டுகிறவருக்கு உதவாத மரம், கட்டுமரக்காரருக்கு இரண்டு மடங்கு மரம். கட்டுமரத்தில் தண்ணீரைத் தடுக்கும் உள்கூடு கிடையாது. மரத்தின் லேசுதான் ஆளையும் வலையையும் மீனையும் தூக்கி நிறுத்துகிறது. மரம் தண்ணீர் குடித்தால் அந்த லேசு போய்விடும். அதனால்தான் கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப்போட்டார்கள். எது சீக்கிரம் காயும், எது ஊறி இற்றுப்போகும் என்பதெல்லாம் தோளில் தூக்கிப் பார்த்தே தெரிந்துகொண்ட கணக்கு. அதை யாரும் மூங்கிலில் வெட்டி வைக்கவில்லை.

2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகக் கண்ணாடியிழைப் படகுகள் நிறைய வந்தன. அது மீனவருக்கு நல்லதுதான்; வேகம் கூடியது, தூரமும் கூடியது. கட்டுமரம் குறைந்ததும் மரம் பார்த்து எடுக்கும் வேலையும் குறைந்தது. தேக்கை எண்ணிய பிராண்டிஸுக்குக் காட்டியல் வரலாற்றில் தனி அத்தியாயமே இருக்கிறது. தணக்கைத் தோளில் தூக்கிப் பார்த்துத் தேர்ந்தவர்களில் ஒருவருடைய பெயர்கூட அதில் இல்லை.