பாலாறும் பாடசாலையும்

பாலாறு நீர் ஓடும் ஆறு என்பதைவிட நீர் ஊறும் ஆறு என்பதே பொருந்தும். கர்நாடகத்து நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியே கடலை நோக்கிச் செல்லும் இவ்வாற்றில் ஆண்டின் பெரும்பகுதியும் மணலே காட்சி தரும். மணலைத் தோண்டினால் ஊற்றுக் கிடைக்கும். அந்த ஊற்றை நம்பியே கரையோர ஊர்கள் குடித்தன, பயிரிட்டன. ஓடுகிற ஆற்றில் விட்ட கழிவை வெள்ளமாவது அடித்துச் செல்லும். மணலாற்றில் விட்டதோ கீழிறங்கிக் கிணற்றை அடைகிறது.

இக்கரைகளில் தோல் பதனிடுதல் நம் சமுதாயத்தார் பலருக்கு வாழ்வளித்த தொழிலாகும். ஆவாரம்பட்டை கொண்டு பதனிட்ட காலம் ஒன்றிருந்தது. 1970களில் அரைப்பதன் தோலின் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்தபின் குரோமிய உப்பு முறை வேகமாகப் பரவிற்று. எனினும் குரோமியத்தின்மீது மட்டும் பழியைச் சுமத்துவது முறையன்று. பச்சைத்தோல் அழுகாதிருக்கத் தடவும் சாதாரண உப்புக்கும் நிலத்தைப் பாழாக்கியதில் பெரும்பங்கு உண்டு. குரோமியத்தைப் பிரித்தெடுக்க வழி உண்டு; நீரில் கரைந்த உப்பைப் பிரிப்பதோ பெருஞ்செலவு பிடிப்பது.

1991ஆம் ஆண்டை நாம் நினைவிற் கொள்ளவேண்டும். வேலூர்ப் பகுதி மக்கள் நல மன்றம் ஒன்று உச்ச நீதிமன்றத்தை நாடியது அவ்வாண்டிலேதான். எல்லாப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டுமென வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம் ஆணையிட்டதும் அவ்வாண்டு நவம்பர் 22ஆம் நாளிலேதான்.

வேலூர் வழக்கில் 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பு வந்தது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமற் போயிற்று என்ற ஆய்வை நீதிபதிகள் எடுத்துக்காட்டினர். மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்னும் நெறி இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என அறிவித்தனர். இன்று சட்டக் கல்லூரி மாணவர் இவ்வழக்கைப் படிக்கின்றனர். 2025 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்று மாசு பற்றித் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டோருக்கு ஈடு வழங்குமாறு பணிக்க நேர்ந்தது. முதல் மனு தொடங்கி முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன.

இடையில் 2015 ஜனவரி 31ஆம் நாள் அதிகாலையில், இராணிப்பேட்டையில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக் கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சுற்றுச்சூழல் நீதி என்பது என்னவென்று மாணவர்க்கு விளக்க இதனினும் தெளிவான பாடம் வேண்டுமோ? தோலின் ஆதாயம் ஓரிடம் செல்கிறது. உப்புநீரும் தோற்புண்ணும் மூச்சிரைப்பும் வேறிடம் சேர்கின்றன.

வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இலும், மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965இலும் எழுந்தன. தோல் வணிகத்தில் ஈட்டிய பொருளைக் கல்விக்கு வாரி வழங்கிய பெருமக்களை நாம் நன்றியோடு போற்றுகிறோம். அக்கொடையால் எழுந்த கூடங்களில் பாலாற்றின் கதையை மறைக்காமற் சொல்வது அவர்களுக்கு இழுக்காகாது. தொழிலை நிந்திக்கவும் வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு அதனால்தான் எரிகிறது. மாணவரின் தந்தையரே அங்கு வேலை செய்கின்றனர். ஆதலால் ஆசிரியரின் பணி எளிதன்று.

ஜூன் 5ஆம் நாள் மரக்கன்று நட்டுப் படம் எடுப்பதோடு இப்பாடம் முடிந்துவிடலாகாது. ஒவ்வொரு மாணவரும் தம் தெருக் கிணறுகளைப் பற்றி மூத்தோரிடம் கேட்டு எழுதட்டும்: ஆழம் எவ்வளவு, எவ்வாண்டு வரை குடித்தார்கள், எப்போது சுவை மாறிற்று, இன்று குடிநீர் எங்கிருந்து வருகிறது, குடம் ஒன்றுக்கு என்ன விலை. நீரின் உப்பளவைக் கல்லூரி ஆய்வுக்கூடத்திலேயே அளந்து பக்கத்தில் குறிக்கலாம். பத்து ஆண்டுகள் தொடர்ந்து எழுதப்பெற்றால் அப்பதிவேட்டை ஜமாஅத்தும் ஊராட்சியும் நீதிமன்றமும் கேட்டு வாங்கும்.