மருத்துவமனைவழிச் சைனஸ் அழற்சி
தீவிர சிகிச்சைப் பிரிவில் மூக்கு வழியே சுவாசக் குழாயோ உணவு செலுத்தும் குழாயோ பொருத்தப்பட்டவர்களிடம் அதிகம் காணப்படும் சைனஸ் தொற்று. குழாய் சைனஸின் வாயை அடைக்கிறது. மல்லாந்தே கிடப்பதால் சளியும் வடிவதில்லை. கன்னத்துக்குள் உள்ள மேல்தாடைச் சைனஸே பெரும்பாலும் பாதிக்கப்படும். மயக்கநிலையில் இருப்பவரால் முகவலியைச் சொல்ல முடியாது. காரணம் பிடிபடாத காய்ச்சலே பலநேரம் ஒரே தடயம். மூக்கில் சீழ் வடியாமலும் இருக்கலாம். சிடி ஸ்கேனில் சைனஸ் அடைபட்டுத் தெரிபவர்களில் பலருக்குத் தொற்றே இருப்பதில்லை. ஸ்கேனை மட்டும் நம்பிக் கணக்கிட்டால் நோய் விகிதம் ஊதிப்பெருகும். ஆய்வுக்கு ஆய்வு எண்கள் முரண்பட இதுவும் ஒரு காரணம். சைனஸிலிருந்து ஊசியால் உறிஞ்சிய திரவத்தின் கல்ச்சர் பரிசோதனையே நம்பகமானது. சூடோமோனாஸ், ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் முதலிய பாக்டீரியாக்கள் அதில் அடிக்கடி வளரும். சைனஸ் தொற்றைத் தொடர்ந்து நிமோனியாவும் வரலாம். மூக்குக் குழாயை எடுத்துவிட்டு வாய்வழி பொருத்துவது சிகிச்சையின் முதற்படி.