கரை கட்டும் கையும் கருத்தும்

கல்லைத் தெப்பமாக்கி அப்பர் கரையேறிய ஊர் திருப்பாதிரிப்புலியூர் என்பர் புராணிகர். அந்த அற்புதம் அடியார்க்கு ஆறுதல் தரலாம். ஆற்றங்கரை ஏழைக்கு அரணாகுமா? தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் என ஆறுகள் பலவும் கடலைத் தேடிவரும் கடைமடை, கடலூர் மாவட்டம். எங்கோ பெய்த மழை இங்கே வந்து கணக்குத் தீர்க்கிறது!

கரைக்கு மண் சுமப்பவன் யார்? கரை எங்கே, எப்படி அமையவேண்டும் என்று முடிவு செய்பவன் யார்? இவ்விரு வினாக்களுடன் வரலாற்றைப் புரட்டுவோம்.

சிதம்பரத்தை அடுத்த வீராணம் ஏரி, முதற் பராந்தகனின் வீரநாராயணன் என்ற பட்டப்பெயரைத் தாங்கியது. அவன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921-ஆம் ஆண்டுகளில் ஏரி வாரியம் பற்றிப் பேசுகின்றன. குடவோலை முறை கண்ட பெருமை நமக்குண்டு, மறுக்கவில்லை. ஆனால் வாரியத்தில் அமர வேண்டிய தகுதி என்ன? கால் வேலிக்கு மேல் நிலம், வேதப் பயிற்சி. சேற்றில் இறங்கியவன் பெயர் குடத்தில் விழவே வழியில்லை!

வெள்ளையன் வந்தான், வேதம் போய்ச் சட்டம் வந்தது. 1858-ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், கரை உடையும் அபாயம் நேர்ந்தால் உழைக்கும் வகுப்பு ஆண்களை வேலைக்கு இழுக்கலாம் என்றது. மறுத்தால் தண்டனை. தோளைக் கேட்டனர், சொல்லைக் கேட்கவில்லை.

அந்நியன் போனான். அந்த நோய் போயிற்றா? 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கனஅடி நீர் தென்பெண்ணையில் திறக்கப்பட்டது. நாணமேடு, உச்சிமேடு, கண்டக்காடு ஆகிய ஊர்களை வெள்ளம் சூழ்ந்தது. பெயரில் மேடு, வாழ்வில் பள்ளம்! எச்சரிக்கை விடுத்தோம் என்றது அரசு. போதவில்லை என்றனர் மக்கள். எச்சரிக்கை என்பது முடிவு எடுத்தபின் வரும் செய்தி. முடிவு எடுக்குமுன் கேட்பதே ஆலோசனை.

2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், மாவட்டத் திட்டத்தை உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்து வகுக்கச் சொல்கிறது. ஏட்டில் உள்ளதை ஊரில் காண வேண்டாமா? கடல்மட்டத்திற்குக் கீழே நிலத்தில் ஏறத்தாழ கால்பங்கை வைத்துள்ள நெதர்லாந்து, பதின்மூன்றாம் நூற்றாண்டு முதலே நீர் வாரியங்களை வளர்த்தது. அங்கே கடலைத் தடுத்தது மந்திரமன்று. மக்கள் கூடி எடுத்த முடிவு.

எனவே நாம் கேட்பது இது: பருவமழைக்கு முன்பே கிராம சபை கூடட்டும். அணை திறக்கும் விதிகள் தமிழில் அவைக்கு வரட்டும். எந்த மடை தூர்ந்தது, எந்த வாய்க்காலை எவர் வளைத்தார், எந்த முகத்துவாரத்தை மணல் மூடியது என்று உழவரும் மீனவரும் சேரிப் பெண்களும் சொல்வது பதிவாகட்டும்; பொறியாளர் அதற்கு விடையளிக்கட்டும். மண் சுமந்த தோள்களுக்கு மன்றத்தில் இடம் வேண்டும். கரையின் உறுதி அங்கேதான் தொடங்குகிறது!