மோட்டார் விளக்கும் மாற்றுப் பல்பும்

மோட்டார் வண்டி பிறந்த காலத்தில், அதன் விளக்கு குதிரை வண்டி கொடுத்தனுப்பிய சீதனமாகவே இருந்தது. எண்ணெய்த் திரியின் மங்கிய ஒளி புதிய வேகத்துக்குப் போதாமற்போகவே, அசிடிலின் விளக்கு புகுந்தது. அதன் கீழறையில் கார்பைடுக் கட்டிகளை இட்டு, மேலறைத் தண்ணீர் சொட்டுச்சொட்டாக இறங்கும்படி திருகைத் திருப்பி, எழுகின்ற வாயுவைத் தீக்குச்சியால் ஏற்றி, பிரயாணம் முடிந்தபின் அடியில் தங்கிய சுண்ணாம்புச் சேற்றை வழித்து எறிவது வரையில், ஒவ்வோர் இரவும் வண்டிக்காரருக்கு அது ஒரு கைங்கரியமாகவே இருந்தது.

மின்சார விளக்கு வீடுகளில் பரவியிருந்தும் வண்டிக்கு ஏறத் தாமதித்ததற்குக் காரணங்கள் இரண்டு: பாதையின் குலுக்கலைக் கரியிழை தாங்கவில்லை, வண்டிக்குள் அடங்கும் சிறிய டைனமோவும் சுலபத்தில் அமையவில்லை. கூலிட்ஜ் என்னும் விஞ்ஞானி டங்ஸ்டனை வளையும் கம்பியாக இழுக்கும் முறையைக் கண்டபின், 1912ஆம் வருஷத்துக் காடிலாக் கார், சார்லஸ் கெட்டரிங் வகுத்த மின்சார ஸ்டார்ட்டரோடும் விளக்குகளோடும் வெளிவந்தது. சேறு வழிக்கும் வேலை ஒழிந்தது. பல்பு மாற்றும் வேலை பிறந்தது. வெப்பத்தால் டங்ஸ்டன் சிறிது சிறிதாக ஆவியாகிக் கண்ணாடியில் கருமையாகப் படிய, மெலிந்துகொண்டே வரும் இழை, ஒருநாள் ஸ்விட்சைப் போட்ட மாத்திரத்தில் அறுந்துவிடும். பல்பு ஃபியூஸ் போவதென்பது இதுதான்.

ஒளியை முன்னோக்கித் திருப்பும் பிரதிபலிப்புத் தகடு மங்குவதும் தூசி புகுவதும் பெருந்தொல்லையாக இருந்ததால், அமெரிக்கர் 1940இல் ஒரு துணிவான முடிவுக்கு வந்தனர். இழை, பிரதிபலிப்புத் தகடு, முன்கண்ணாடி மூன்றையும் ஒரே கூடாக அடைத்து, ஏழு அங்குல வட்டமான ‘சீல்டு பீம்’ விளக்கை எல்லாக் கார்களுக்கும் பொதுவாக்கினர். இழை அறுந்தால் முழு விளக்கையும் எறியவேண்டும் என்பது நஷ்டமே. ஆனால் எந்த ஊர்க் கடையில் வாங்கிய விளக்கும் எந்தக் காருக்கும் பொருந்தியது என்பது சாமானியனுக்குக் கிடைத்த பெரிய சகாயம்.

ஐரோப்பியர் தனிப் பல்பையே விடாமல் பேணினர். ஆவியான டங்ஸ்டனை மீண்டும் இழைக்கே கொண்டு சேர்க்கும் ஹாலோஜன் வாயுவின் குணத்தைப் பயன்படுத்தி, 1962இல் எச்1 பல்பும், 1971இல் டிம், பிரைட் என்ற இரண்டு இழைகளையும் கொண்ட எச்4 பல்பும் வந்தன. எச்4 பல்பை மாற்றுவது இன்றும் பலருக்குக் கைவந்த காரியம்: பின்னாலிருக்கும் மூன்று முனைச் சாக்கெட்டை உருவி, ரப்பர் மூடியைக் கழற்றி, கம்பிக் கிளிப்பைத் தள்ளிவிட்டுப் பழையதை எடுக்கவேண்டும்; விளிம்பிலுள்ள மூன்று காதுகளும் தத்தம் பள்ளத்தில் உட்காரும்படி புதியதை வைக்கவேண்டும். கண்ணாடியில் விரல் படலாகாது. விரலின் எண்ணெய்ப் பசை படிந்த இடம் அதிகமாகச் சூடேறி, பல்பின் ஆயுளைக் குறைத்துவிடும். அமெரிக்காவும் 1983இல் சீல்டு பீமையே கட்டாயமாக்கிய விதியைத் தளர்த்தி, மாற்றத்தக்க பல்புக்கு வழிவிட்டது.

இப்போது எல்.இ.டி. விளக்குகள் நீண்ட ஆயுளோடும் நிறைந்த பிரகாசத்தோடும் வந்திருக்கின்றன. அவற்றின் மேன்மையை மறுப்பதற்கில்லை. எனினும் பல கார்களில் அவை விளக்குக் கூட்டோடு ஒன்றாகிவிட்டமையால், பழுதுற்றால் முழு விளக்கையும் பெரும்பொருள் கொடுத்து மாற்ற நேர்கிறது. ஒவ்வொரு காருக்கும் ஒவ்வொரு வடிவமாதலால், 1940இல் கிடைத்த பொதுமை என்னும் நன்மையும் இதில் இல்லை. நடு வழியில் விளக்கணைந்த ஒருவர் அடுத்த ஊர்க் கடையிலேயே மாற்று வாங்கித் தம் கையாலேயே பொருத்திக்கொண்டு பத்திரமாக வீடு சேர முடிந்ததே இந்தச் சரித்திரத்தின் உயர்ந்த சாதனை. அதைக் காப்பது இனி விளக்குச் செய்வோரின் கடமையும், விதி வகுப்போரின் பொறுப்புமாகும்.