அப்பாவின் தட்டுகளுக்கு எந்த ஊசி?

செம்பூரிலோ மாட்டுங்காவிலோ நாற்பது வருஷமாகக் குடியிருக்கும் நம்மவர் வீட்டுப் பரணில் ஒரு ரெக்கார்டு பெட்டி இருக்க வாய்ப்பு அதிகம். எம்.எஸ்., மதுரை சோமு, சீர்காழி, கூடவே ‘ஷோலே’ வசனத் தட்டு (பம்பாய் வீடாயிற்றே!). இப்போது பிள்ளைகள் சம்பாதித்து நல்ல டர்ன்டேபிள் வாங்குகிறார்கள். அடுத்த கேள்வி, “எந்த மூவிங் காயில் கார்ட்ரிட்ஜ் போடலாம்?” விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. அந்தத் தட்டுகள் மேல் இதுவரை என்னென்ன ஊசிகள் ஓடியிருக்கின்றன என்ற சரித்திரம் தெரிய வேண்டும்.

முதலில் வந்தது இரும்பு ஊசி. 1902ல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிப் பதிவான காலம் அது. 1908ல் அதே ஊரில் தட்டு அச்சடிக்கும் தொழிற்சாலையும் வந்துவிட்டது. 78 ஆர்.பி.எம். தட்டின் மூலப்பொருள் அரக்கு. அதில் உலகத்துக்கே பெரிய சப்ளையர் நம் நாடுதான். அரக்கோடு கல் பொடியையும் வேண்டுமென்றே கலந்தார்கள். தட்டு ஊசியைத் தேய்த்து, தன் பள்ளத்துக்குப் பொருந்தும்படி ஆக்கிக்கொள்ளும். அதனால் ஒரு பக்கம் ஓடியதும் ஊசியைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு மாட்ட வேண்டும். மேலே அழுத்தும் தலையின் எடை நூறு கிராமுக்கும் மேல். தட்டு என்ன பாடுபட்டிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

1948ல் அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனி எல்.பி.யைக் கொண்டுவந்தது. பள்ளம் மிகக் குறுகியது, ஊசி முனையும் அதற்கேற்ப மூன்றில் ஒரு பங்குதான். அதே 1948ல் டென்மார்க்கில் ஆர்டோஃபோன் மூவிங் காயில் கார்ட்ரிட்ஜைச் செய்தது. ஆனால் நம் ஊர்க் கணக்கு வேறு. மின்சாரம் இல்லாத கிராமங்களில் சாவி கொடுக்கும் கிராமபோன்கள் ஓடிக்கொண்டிருந்ததால் இங்கே 78 சாகவில்லை. 1960களின் நடுவில் பீட்டில்ஸ் பாட்டுகூட இந்தியாவில் 78 தட்டாக வந்தது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இன்றைக்கு அதைத் தேடி அலைகிறார்கள்.

இரண்டு வகைத் தட்டும் ஒரே வீட்டில் இருந்ததால், பிளேயரிலும் இரட்டை ஊசி. ஒரு சின்ன நெம்புகோலைத் திருப்பினால் 78, மறுபடி திருப்பினால் எல்.பி. திருப்ப மறந்துவிட்டு எல்.பி. மேல் தடி ஊசியை ஓட்டிய வீடுகள் எத்தனையோ.

அந்த ஊசி இருந்தது பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜில். அதற்கு முந்தைய கிறிஸ்டல் வகையில் இருந்த ஒருவித உப்பு ஈரத்தை இழுத்துக் கெட்டுவிடும், பம்பாய் மழைக்கு லாயக்கில்லை. செராமிக் அப்படி இல்லை. நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் கொடுக்கும், தனி ஆம்ப்ளிஃபையர் கட்டம் வேண்டாம், விலை குறைவு. எச்.எம்.வி. ஃபியஸ்டா மாதிரியான பிளேயர்கள் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டியதே இந்தச் சிக்கனத்தால்தான். அதற்கு விலை கொடுத்தது தட்டு. ஐந்து, ஆறு கிராம் அழுத்தத்தில், உருண்டை முனை ஒரே இடத்தில் உராய்ந்துகொண்டே இருந்தது.

மூவிங் காயில் இதற்கு நேர் எதிர். ஊசித் தண்டின் மறுமுனையில் மெல்லிய செப்புச் சுருள்கள் ஒரு காந்தத்துக்கு நடுவே ஆடும். ஆடும் எடை குறைவு, அதனால் பள்ளத்தின் நெளிவை விட்டுவிடாமல் பின்தொடரும். கிடைக்கும் மின்னழுத்தமோ பரிதாபம். ஜப்பானின் என்.எச்.கே. வானொலிக்காக 1960களின் தொடக்கத்தில் உருவான டெனான் டிஎல்-103 தருவது வெறும் 0.3 மில்லிவோல்ட். காந்தம் ஆடும் சாதாரண வகை தருவதில் பத்தில் ஒரு பங்கு! எம்.எஸ்.ஸின் வேங்கடேச சுப்ரபாதம் எல்.பி. வந்த 1963ம் அதே காலம்தான். தட்டு நம் வீட்டுக்கு வந்தது. லைசென்ஸ், இறக்குமதிக் கட்டுப்பாட்டு நாட்களில் அந்த மாதிரி ஊசி எத்தனை வீட்டுக்கு வந்திருக்கும்?

சரி, எதை வாங்குவது? டிஎல்-103 இன்றும் உற்பத்தியில் இருக்கிறது, விலையும் இந்த வகையில் நியாயம். புதிய அல்லது நன்றாக வைத்திருந்த தட்டுக்கு அருமை. ஆனால் அதன் முனையும் உருண்டை, 16.5 மைக்ரான். பழைய செராமிக் ஊசி தேய்த்த இடத்துக்குப் பக்கத்திலேயேதான் இதுவும் உட்காரும். பக்கத்தின் கடைசிப் பாட்டைப் போட்டுக் கேளுங்கள். ‘ஸ’ வரும் இடமெல்லாம் சீறினால் தேய்ந்த தட்டு. அதற்கு ஆடியோ-டெக்னிகா ஏடி-ஓசி9எக்ஸ்எம்எல் போன்ற மைக்ரோலைன் முனையைத்தான் நான் சொல்வேன். அது பள்ளத்தின் சுவரில் மேலிருந்து கீழ்வரை நீளமாகத் தொடுவதால், பழைய ஊசி படாத இடத்திலிருந்தும் இசையை எடுக்கும். தடி ஊசி பெயர்த்தே போட்ட பள்ளத்துக்கு மட்டும் எந்த ஊசியும் மருந்தில்லை.

கை விஷயத்தையும் பாருங்கள். டிஎல்-103 விறைப்பானது, கனமான டோன்ஆர்ம் கேட்கும். அழுத்தம் 2.5 கிராம். இலேசான கையில் மாட்டினால் பாஸ் குழம்பும். இரண்டு கார்ட்ரிட்ஜுக்குமே மூவிங் காயில் வசதியுள்ள போனோ ஸ்டேஜோ, ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மரோ அவசியம். அதன் விலையையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். ஊசி 1000 மணி நேரம் உழைக்கும் என்று வைத்தால், பக்கத்துக்கு 22 நிமிடம் வீதம் சுமார் 2,700 பக்கங்கள். கார்ட்ரிட்ஜ் விலையை அதால் வகுத்தால் ஒரு பக்கத்துக்கான தேய்மானம் கிடைத்துவிடும். (கணக்குப் புத்தி போகாது.) வழக்கமான மூவிங் காயிலில் ஊசியை மட்டும் நாமே கழற்றி மாற்ற முடியாது என்பதால் இந்தக் கணக்கு முக்கியம்.

இன்னொன்று. 1960களின் நம் கர்நாடக இசைத் தட்டுகளில் நிறைய மோனோ. மோனோ பள்ளத்தில் இசை பக்கவாட்டு அசைவில் மட்டும்தான் இருக்கிறது. மேலும் கீழுமான அசைவு பெரும்பாலும் தூசியும் கீறலும். ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் இரண்டையும் எடுத்துவரும். ஆம்ப்ளிஃபையரில் மோனோ பட்டன் இருந்தால் அழுத்துங்கள், பாதி இரைச்சல் போய்விடும். பெட்டி முழுக்க மோனோதான் என்றால் டெனான் டிஎல்-102 என்ற மோனோ மூவிங் காயிலே போதும். 3 மில்லிவோல்ட் தருவதால் சாதாரண போனோ உள்ளீட்டிலேயே பாடும், டிரான்ஸ்ஃபார்மர் செலவும் மிச்சம்.

எதை வாங்கினாலும் முதல் நாளே தட்டைப் போட்டுவிடாதீர்கள். நாலைந்து பம்பாய் மழைக்காலம் பார்த்த உறைக்குள் பூஞ்சை இருக்கும். எல்.பி.யை ஆல்கஹால் துளி கலந்த வாலை வடிநீரில் துடைத்து, நிழலில் காயவைத்து, புது உள்ளுறை போடுங்கள். 78 தட்டுக்கு ஆல்கஹால் ஆகவே ஆகாது, அரக்கு கரைந்துவிடும். அதற்கு ஊசியும் வேறு, 65 மைக்ரான் அளவில் தனியாக வாங்க வேண்டும்.